டிரம்மில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்

மார்ச் 4, திங்கள்

குழாய்க் கம்பெனியின் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. எங்கள் பட்டறைக் கழிவை முறையான அங்கீகாரம் உள்ள சுத்திகரிப்பு நிறுவனத்திடம் கொடுக்கிறோம் என்று இந்த மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் முலாம் பூச இனி ஒரு குழாய்கூட அனுப்ப மாட்டார்கள். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. அது போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

ரசாயனத் தொட்டிகள் எல்லாம் என் சம்சாரம், இவள் பொறுப்பு. அதைப் படித்தவள். நான் பாலிஷ், டெலிவரி, வசூல். அதனால் நிறுவனம் தேடுவதும் இவள் தலையில் விழுந்தது. முதல் ஆள் இன்று வந்தார். முலாம் பட்டறைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

டிரம் டிரம்மாகப் போய், இதில் என்ன இருக்கிறது, எந்தத் தொட்டியில் வந்தது, எதோடு கலந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவளும் சளைக்காமல் சொன்னாள். நடுவில் ஒரு சிரிப்பு வேறு. பாலிஷ் மெஷின் சத்தத்தையும் தாண்டி வந்தது.

எனக்கென்ன.

மார்ச் 5

எனக்கென்ன என்று எழுதியது பொய்.

மார்ச் 9

சாப்பிடும்போது பாடம் நடத்தினாள். லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாதாம். நம்முடைய கழிவு வகை அதில் பெயர் சொல்லி இருக்க வேண்டுமாம். அமிலத்துக்கு உள்ளவன் நிக்கல் கசடைத் தொடக் கூடாதாம். அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டு இஸ்திரியின் லைசென்ஸ் நம்பரைச் சரிபார்த்துவிட்டாளாம்.

“அவர் சொன்னாரு, நேர்ல வந்து எங்க ஆலையப் பாருங்கன்னு.”

அவர் சொன்னாரு, அவர் சொன்னாரு. தட்டைத் தள்ளி வைத்தேன். “ஊர்ல வேற ஆளே இல்லையா?” என்றேன்.

“இருந்தா கூட்டிட்டு வாங்க. நானா வேண்டாங்கறேன்?”

மார்ச் 12

கூட்டிக்கொண்டு வந்தேன். நண்பன் சொன்ன லாரிக்காரர். விலை பாதி, பேச்சு இரட்டிப்பு. டிரம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உள்ள என்ன இருந்தா நமக்கென்னண்ணே? ஏத்தி விடுங்க, நிம்மதியாத் தூங்குங்க.”

இவள் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். “இது கழிவை ஏத்திட்டுப் போறதுக்கு. சுத்திகரிக்கறது யாரு? எங்க?”

“அதுக்கெல்லாம் ஆள் இருக்கும்மா.”

இவள் என்னைப் பார்த்தாள். ஆள் சரியில்லை என்று எனக்கும் தெரிந்தது. மடையனா நான்? ஆனாலும் வாய், “இவருக்கே கொடுத்துடலாம்” என்றது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 15

மாதிரி எடுக்க இஸ்திரி மறுபடி வந்தாராம், நான் டெலிவரிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. இவள் விரலில் தோல் உரிந்திருப்பதைக் கவனித்து, இந்தக் கையுறை அமிலத்துக்கு ஆகாது என்று வேறு ஜோடி கொடுத்தாராம். சந்தோஷமாக வந்து காட்டுகிறாள்!

எனக்குக் கண்மண் தெரியல. “கையப் புடிச்சுப் பாத்தானா?” — கேட்டுட்டேன். கேட்டே தொலைச்சுட்டேன்.

கையுறையை மடித்து வைத்தாள். “இத்தன வருஷத்துல ஒருத்தராவது பாத்தாங்களேன்னு இருந்துச்சு” என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 16

பேச்சு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் தொடரும் போலிருக்கிறது.

மார்ச் 19

லாரிக்காரருக்கு நாளை கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். என் ஆள் உசத்தி என்று இவளிடம் நிரூபிக்க அவர் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பைக்கை எடுத்தேன்.

ஆலையாவது ஒன்றாவது! பூட்டிய கேட். மதில் ஓரமாகப் பின்னால் போனால் சாக்கடைப் பள்ளம். பள்ளத்துக்குள் டிரம்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. தண்ணீர் மயில்துத்த நீலம். ஒரு டிரம்மில் யாரோ ஒரு பட்டறைக்காரன் பெயர் அழியாமல் இருந்தது. அந்த ஆள் இப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வீடுகள், கொடியில் துணி காய்கிறது.

வந்து இவளிடம் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லவில்லை. “சாப்டீங்களா?” என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மார்ச் 20

இஸ்திரிக்கு நானே போன் செய்தேன். “மேடம் எல்லா விவரமும் குடுத்துட்டாங்க சார். உங்க கையெழுத்துதான் பாக்கி” என்றார். சாயந்திரம் வந்தார். போட்டேன்.

“உங்களுக்குக் கல்யாணம்…?” என்று கேட்டுவிட்டேன். இதை எங்கும் யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேதான் எழுத முடியும். மூத்த பெண்ணுக்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வயிற்றில் பாலை வார்த்தார்.

ஏப்ரல் 8

குழாய் வேலை தப்பியது. முதல் லோடு போய், சுத்திகரித்த சான்றிதழும் வந்துவிட்டது. பால் திரிந்தது அதற்கப்புறம்தான்.

சின்னப் பட்டறைகளுக்குப் போய்க் கழிவைப் பரிசோதிக்க இஸ்திரியின் கம்பெனிக்கு ஆள் வேண்டுமாம். “மேடம் மாதிரி விவரமானவங்க கெடைக்கறதில்ல சார், வருவாங்களா?” வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வரமாட்டாள் என்றேன். பட்டறை என்ன ஆகும் என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

ஏப்ரல் 9

அவளையும் கேட்டிருக்கிறார்கள்.

“எனக்குப் பதிலா நீங்க பதில் சொல்லிட்டீங்களாமே?”

பட்டறைக்காகத்தான் என்றேன். “பட்டறைக்கா?” என்றாள். பொறாமையா இருக்குடி, போதுமா! — கத்திட்டேன். யார் மேலன்னு கேட்டா. தெரியலன்னேன். நெஜமாவே தெரியல. நீ எங்கயோ நல்லா இருந்துடுவியோன்னு இருக்கு.

அதற்குப் பிறகு நிறைய நேரம் பேசினோம். எழுத வேண்டாம்.

ஜூன் 21

தொட்டி வேலைக்கு ஆள் போட்டாகிவிட்டது, டிரம் என் பொறுப்பு. இன்று லோடு ஏற்ற இஸ்திரி கம்பெனி வண்டி வந்தது. முன்சீட்டிலிருந்து இறங்கினாள், சாம்பல் கோட்டு, கையில் பை. “வணக்கம் சார்” என்கிறாள் என்னைப் பார்த்து! ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒவ்வொரு டிரம்மாகத் திறந்தாள். நாலாவதில் நின்றாள். கசடில் அமிலத்தைக் கலந்து வைத்திருக்கிறேனாம். “இத ஏத்த முடியாது சார். பிரிச்சு வைங்க, அடுத்த மாசம் பாக்கலாம்.” பொண்டாட்டியே ஆனாலும் டிரம் டிரம்தான்.

வண்டி போனதும் பக்கத்துப் பட்டறைக்காரர் வந்தார். புதிதாக வந்திருப்பவர், கொஞ்சம் வாட்டசாட்டமான ஆள். “யாருங்க அந்த மேடம்? இவ்ளோ கறாரா இருக்காங்க. நல்ல கம்பெனிதானா?”

நல்ல கம்பெனி என்றேன். என் சம்சாரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. வேலை வேறு, வீடு வேறு என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் நம்பரைக் கொடுத்தேன். நானேதான் கொடுத்தேன்.

சாயந்திரம் வீட்டில் டீவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பட்டறைக்காரர் அவளுக்குப் போன் செய்தார். உள்ளே போய்ப் பேசினாள். உங்க டிரம்ல என்ன இருக்கு என்று கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் ஒரு சிரிப்பு. டீவி சத்தத்தை நான் குறைக்கவில்லை. ஒரே ஒரு தடவை கை ரிமோட் வரைக்கும் போய்விட்டு வந்தது.