கையெழுத்து மட்டும் இல்லை

அன்பு மகளுக்கு,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். லண்டனில் நர்ஸாக இருந்துகொண்டே மோர்பின் மருந்துச் சீட்டில் நீயே கையெழுத்து வைக்கிறாயாமே, அது எப்படி?

இங்கே கொழும்பில், வெள்ளவத்தைக் கிளினிக்கில் வேறு மாதிரி. எல்லாம் கேட்பது நர்ஸ் றுஷ்னா மிஸ்தான். "எத்தன மணிக்கு முழிப்பு வருது? படியேறக்க நோவுதா?" பிறகு டொக்டரிடம் போய், "சேர், பத்து மில்லிகிராம் காணாது, பதினஞ்சு வேணும்" என்பார். டொக்டர் தலை நிமிராமல் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். அப்படியென்றால் மருந்து எழுதியது யார்?

போன வியாழன் டொக்டர் வரவில்லை. மிஸ்ஸுக்கு அளவு தெரியும். மருந்தும் அலுமாரியில் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. "நான் என்ன செய்ய, அன்ரி?" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். டொக்டர் சனிக்கிழமைதான் வந்தார். அதுவரை இதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சரியான அளவை நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? நோகவில்லை என்று பொய் சொல்கிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாயா? வீடியோவில் பார்த்தாலும் தெரியுமா? என் ஃபோன் கமராவை இன்னும் திருத்தவில்லை.

சொந்த ஆட்களுக்கு மருந்து எழுதக் கூடாது என்று ஒருமுறை சொன்னாய். நல்ல சட்டம்தான். டிசம்பரில் வருவதாக இருந்தாயே, கொஞ்சம் முந்தி வரலாமா? கையெழுத்து வைக்கிற பேனை வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

அன்புடன்,
அம்மா