சிவப்புத் துணி கட்டிய பெட்டி

சேலம்,
4.8.2024

அன்புள்ள ரோஷன்,

விடுதியில் என் போர்வையைப் பறித்துக்கொண்டு தூங்கியவளுக்கு நான் ஒரு நன்மை செய்யப்போகிறேன். வெள்ளம், தீ வந்தால் பழம்பொருள்களைக் காப்பாற்ற ஊர் ஆட்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பட்டியலில் உங்கள் தர்காவைத்தான் முதலில் எழுதினேன். அரபு எழுத்தில் தமிழ்ப் பாட்டுகள் எழுதிய அந்தக் கைப்பிரதிகளை உன் அத்தா அங்கே சாகும்வரை காத்தாரே, மறப்பேனா? உங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்காரர்கள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலில் வெளியே எடுக்க வேண்டியதில் சிவப்புத் துணி கட்டுவோம்.

உன் ரஞ்சனி

திருச்செங்கோடு,
19.8.2024

அன்புள்ள ரஞ்சனி,

போனில் சொன்னால் "பார்க்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சி நடந்தது. உன் அதிகாரிகள் காலிப் பெட்டியை நான்கு தடவை தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அத்தாவின் கைப்பிரதிகள் இருக்கும் பெட்டிமேல் இலை விரித்துப் பிரியாணி சாப்பிட்டார்கள். எண்ணெய்க்கறை இன்னும் போகவில்லை. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில் ஒருவரான டிரைவர் குமாரசாமி ஒன்று கேட்டார். "ஏனுங்க, லாரியில கம்பி நீட்டிக்கிட்டிருந்தா செவப்புத் துணி கட்டுவோமுங்க. கிட்ட வராதீங்கன்னு அர்த்தம். இங்க எடுங்கன்னு அர்த்தமுங்களா?" அதிகாரி, "சொன்னதை மட்டும் செய்யுங்கள்" என்றார். மற்ற அதிகாரிகள் சிரித்தார்கள். குமாரசாமி கேட்டது சரி. பச்சைத் துணியாக மாற்றிவிடு.

ரோஷன்

சேலம்,
2.9.2024

அன்புள்ள ரோஷன்,

பிரியாணிக்கு வருந்துகிறேன். ஆனால் கையேடு அச்சாகிவிட்டது, நிறத்தை மாற்ற முடியாது. போட்டோக்கள் மேலிடத்துக்குப் பிடித்துவிட்டன. எனக்குப் பதவி உயர்வு வரலாம் என்கிறார்கள். சும்மா கவலைப்படாதே, சிவப்பெல்லாம் பழகிவிடும்.

உன் ரஞ்சனி

திருச்செங்கோடு,
16.12.2024

ரஞ்சனிக்கு,

ஏரி உடைந்த காலையில் தர்காவுக்குள் இடுப்பளவு தண்ணீர். பயிற்சி பெற்றவர்களில் பதினோரு பேர் ரிக் லாரிகளோடு வடக்கே வேலைக்குப் போயிருந்தார்கள். குமாரசாமி மட்டும், ஸ்டாண்டில் நின்ற டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு கூப்பிடுமுன் ஓடிவந்தார். வாசலில் கயிறு பிடித்து நின்று, உள்ளிருந்து வந்ததையெல்லாம் வாங்கி வாங்கி வைத்தார். பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், உன் பயிற்சியின் பேனர்கூட வந்தது. பெட்டி வரவில்லை.

கேட்டதற்கு, உள்ளே போன டிரைவர்களில் ஒருவர், "செவப்புத் துணி கட்டியிருந்துச்சுங்க, கரண்டு சமாச்சாரமோன்னு தொடலீங்க" என்றார். குமாரசாமி கயிற்றை விட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். அதற்குள் பெட்டி மூழ்கியிருந்தது. திறந்தபோது மரவள்ளி மாவு கரைத்ததுபோல் இருந்தது. ஓர் எழுத்து மிஞ்சவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று உன் அறிக்கையைப் படித்தேன். "தன்னார்வலர்களின் கவனக்குறைவால் இழப்பு." கீழே உன் கையெழுத்து. என் ஆகஸ்டு மாதக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குமாரசாமி அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னாலதான் போச்சுங்களா, சாமி?" என்று கேட்டார். வெள்ளச் சேற்றின் நாற்றம் இரண்டு நாளில் பழகிவிட்டது. இது பழகவில்லை.

சனிக்கிழமை வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். பெட்டியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அலசி என் வீட்டு வாசலில் கட்டியிருக்கிறேன். கையேட்டைப் பார்த்து அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. குமாரசாமி சொன்ன அர்த்தம்தான்.

ரோஷன் பீவி