முடி உதிர்ந்த கிடாக்கள்

சித்திரை 9, வியாழன்
காலையிலேயே வெயில். செருப்புக்கு ஆணி அடிக்க வேண்டும். ஆராய்ச்சிப் பண்ணையில் கழித்த கிடா இரண்டு வாங்கியதில் ஒன்றை இன்று அறுத்தோம், நல்லூர் பனியன் கம்பெனி மெஸ்ஸுக்கு. இரத்தம் உறையவே இல்லை. தொடையெல்லாம் சிவப்புப் புள்ளி.

அறுத்த காசிம் பாய்: “ஏனுங்க, அடிபட்ட உருப்படிங்களா?”

மெஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை. மதியத்துக்குள் நாற்றம்.

வாங்கும்போது நடுமுதுகைப் பிடித்தேன், சதை கெட்டி. முடி மட்டும் கொத்தாகக் கையோடு வந்தது. கோடைக்கு உதிர்கிறது என்று ஊதிவிட்டேன். ஆடு பிடித்தே ஆளான கை இது. தூ.

இன்னொன்று சேவூரில், மகள் சரசு வீட்டில். ஞாயிறு பேரனுக்குக் காது குத்து, கருப்பராயனுக்குக் கிடா வெட்டு.

10, வெள்ளி
பண்ணை. மாட்டு டாக்டர், மீசை முளைக்காத ஆள். “கதிர் பாய்ச்சி சோதனை பண்ணுன ஆடுங்க. எக்ஸ்ரே மாதிரி, ஆனா ரொம்ப ஜாஸ்தி. கறியில கதிர் தங்காதுங்க. ஆனா ஆட்டுக்கு நோவு கண்டுட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும், கிருமி ஏறும். திங்கக் கூடாதுங்க.”

“அப்புறம் எதுக்குங்க வித்தீங்க?”

“புதைக்கத்தான் சொன்னோம். ஆளுக வித்துட்டாங்க போல.”

போல! “என்ற பேரன் தின்னு செத்தாலும் போலதானுங்களா?”

காப்பி சாப்பிடுகிறீர்களா என்கிறான்.

11, சனி
சேவூர். டாக்டர் சொன்னதைச் சொல்லி, வேறு கிடா தருகிறேன் என்றேன்.

மாப்பிள்ளை: “நேர்ந்து உட்டாச்சுங்க மாமா. நல்லாத்தான மேயுது?”

சம்பந்தியம்மா: “கிடா மேல மஞ்சத் தண்ணி ஊத்துவோமுங்க. ஒடம்பச் சிலுப்பாட்டி சாமிக்கு வேண்டாம்னு அர்த்தம். அப்ப மாத்திக்கலாம்.”

ஒத்துக்கொண்டேன். நோவு கண்ட ஆடு எங்கே சிலுப்பப் போகிறது என்று ஒரு கணக்கு.

12, ஞாயிறு
மஞ்சள் தண்ணீர் பட்டதும் அப்படியொரு சிலுப்பு. குலவை. நான் வாயைத் திறக்குமுன் தலை துண்டாகிவிட்டது.

உரித்தார்கள். அதே புள்ளிகள். “பாருங்க மாப்ள!” என்று கத்தினேன். பார்த்தார். “சாமி ஏத்துக்கிட்டதுங்க மாமா,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“ரத்தத்தச் சாமி எடுத்துக்கட்டும். கறிய எவனும் தொடப்படாது.” அடுப்படியில் இருந்த மண்ணெண்ணெயை எடுத்து அண்டாக் கறியில் கவிழ்த்தேன்.

சரசு: “இனி எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்கப்பா.”

13, திங்கள்
மேகமூட்டம். தூக்கமில்லை. செருப்பு இன்னும் அப்படியே.

தொடை ஒன்றை மட்டும் கொண்டுவந்தேன். பனியன் கழிவுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாற்றம் வீட்டை நிறைக்கிறது. முதல் பஸ்ஸில் பண்ணைக்கு. டாக்டர் மேஜைமேல் பிரித்து வைத்து, அந்தப் ‘போல’வை இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும்.