அப்பாவின் கழுத்து நரம்பு பற்றி அம்மாவுக்கு

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன். பயப்படாமல் முழுக்கப் படி.

நீ போன பிறகு அப்பா ஓயாமல் வாடகைக்கு டிராக்டர் ஓட்டினார். மானாம்பதி, திருப்புலிவனம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். உழும்போது பின்னால் கலப்பையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டுமே, கழுத்து எந்நேரமும் திரும்பியபடிதான். முதலில் வலது கை விரல்கள் மரத்துப்போயின. போன மாதம் டீ டம்ளர் நழுவி விழுந்தது. கேட்டதற்கு, "டம்ளர் வயவயன்னு கீது" என்று டம்ளரின் வழுக்கல் மேல் பழியைப் போட்டார்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்குகிறதாம். மாத்திரை, பயிற்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கையில் பலம் குறைவதால் இனிக் காத்திருக்க வேண்டாம் என்றார் காஞ்சிபுரத்து டாக்டர்.

நான் நோட்டில் கேள்விகள் எழுதிப் போயிருந்தேன். மூன்று வழி இருக்கிறதாம். தொண்டைப் பக்கமாகப் போய் வட்டை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் தகடு வைத்து இணைக்கலாம். அல்லது அங்கே அசையக்கூடிய செயற்கை வட்டு வைக்கலாம். இல்லையென்றால் பிடரிப் பக்கமாகப் போய், நரம்பு வெளியே வரும் துவாரத்தை மட்டும் பெரிதாக்கலாம். அப்பாவுக்குக் கழுத்து மூட்டுகள் தேய்ந்திருப்பதால் செயற்கை வட்டு சரிவராது. பிதுக்கம் நடுவில் இருப்பதால் பின்வழியும் உதவாது. இணைப்பதுதான் வழி.

அப்புறம் டிராக்டரில் எப்படித் திரும்பிப் பார்ப்பார் என்று கேட்டேன். தலையைத் திருப்புவதில் பாதி வேலையை மண்டைக்குக் கீழே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளே செய்கின்றனவாம், அம்மா! பழுது அதற்கும் கீழே என்பதால் கொஞ்சம்தான் குறையுமாம். "இன்னாமா, டாக்டருக்கே பரீட்ச வெக்கிற" என்று அப்பா கிண்டல் செய்தார்.

ஆனாலும் சரி என்று சொல்லவில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து யார் போட வேண்டும் என்று கேட்டார்.

"இவ அம்மாவுக்கு நான்தான் போட்டேன் சார். உள்ள போனவ வரல. இவ போடக் கூடாது."

உன் இதயம் தாங்காமல் போனதற்கு அந்தக் கையெழுத்தா காரணம்? இத்தனை நாள் அப்பா அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அப்பாவே போடலாம், சாட்சிக்கு எங்களோடு வந்திருந்த பெரியப்பா போதும் என்றார் டாக்டர். அப்பா உடனே பேனாவை எடுத்தார். விரலில் நிற்காமல் இரண்டு முறை விழுந்தது. பிடித்துக்கொள்ளப் போன என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தன் பெயரை முழுதாக எழுதினார்.

திங்கட்கிழமை ஆபரேஷன். வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். டாக்டர் சரி என்று சொல்லும்வரை டிராக்டர் சாவி என் புத்தகப் பையில்தான் இருக்கும். உன் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாலும் தர மாட்டேன், சத்தியம்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்
உன் ஒரே பெண்,
கயல்