திருப்பி அனுப்பிய சீர்

தூத்துக்குடி
5.2.2025

அன்புள்ள செல்வி அக்காளுக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் புது வீட்டு அஸ்திவாரத்துக்குத் தம்பி சீராக என் கம்பெனியிலிருந்து ஒரு லாரி காங்கிரீட் அனுப்பினேன். லாரிக்கு மாலை போட்டு, வாழைக்கன்றும் கட்டி அனுப்பினேன். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது என்று டிரைவர் வாய்விட்டதும் உன் மாமியார், "சாம்பல்ல வீடு கட்டவா? வண்டியத் திருப்புலே!" என்றாராம். நீ பக்கத்தில் சும்மா நின்றாயாம். உங்கள் கரிசல் மண்ணின் உப்பு கம்பியை அரித்துவிடும். சாம்பல் சேர்ந்தால் காங்கிரீட் நெருங்கி இறுகும், உப்பு எளிதில் உள்ளே போகாது. அதற்குத்தான் அனுப்பினேன். இறுகுவதற்குள் கொட்டியாக வேண்டுமே என்று, டிரைவர் ஊராரைக் கேட்டு ஊர்க் களத்தில் பரப்பிவிட்டு வந்தான்.

இனி நீங்கள் வாங்கப்போகும் கடைச் சிமெண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல இருக்கிறது. கோபத்தில் சொல்ல மாட்டேன். பால் காய்ப்புக்கு என்னை எதிர்பார்க்காதே.

ராஜபாண்டி

கடம்பூர்
14.2.2025

என் தம்பிக்கு,

நீ இல்லாமல் பால் பொங்கி எனக்கு என்னடா? மாமனாரின் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்ததிலிருந்து அத்தைக்கு அந்தச் சொல்லே ஆகவில்லை. அன்று நான் வாய் திறந்திருந்தால் தெருவிலேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். உனக்காகப் பேசாமல் நின்றது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. கடைச் சிமெண்டில் அஸ்திவாரம் போட்டாயிற்று. ஆத்திரம் தணிந்தால் ஒரு வரி எழுது.

செல்வி

கடம்பூர்
20.4.2025

ராஜபாண்டிக்கு,

பதிலே போடவில்லை நீ. இருந்தாலும் கேள்.

அத்தை இப்போது மிளகாய் காயப்போடுவது களத்தில் பரப்பிய உன் காங்கிரீட்டில்தான். "ஒரு கீறல் இல்ல. ஏட்டி, யாரு போட்ட தரை இது?" என்று நேற்று மெச்சினார்கள். "நீங்க திருப்பி அனுப்புன சீருதான், அத்தை" என்றேன். மிளகாயை அள்ளாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் காலி சிமெண்டுப் பைகளை மடிக்கும்போது பார்த்தேன். கடைச் சிமெண்டும் சாம்பல் கலந்ததுதான் என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது! நீ சொல்லாமல் விட்டது இதுதானே, கள்ளப்பயலே? பயந்துகொண்டே அத்தையிடம் காட்டினேன். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மேல தளம் போடணும்லா? ஒந்தம்பிய வரச்சொல்லு."

"சொல்லுதேன், அத்தை."

"வெறுங்கையோட வரவேண்டாம்னு சொல்லு. லாரியோட வரணும். மாலைய நான் கட்டுதேன்."

உன் அக்காள்,
செல்வி