கோடு தப்பாத ரம்பம்

அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே வரிதான்: "ரம்பம் தானா நேரா போகலண்ணே, நான்தான் நேராக்குனேன்."

அந்த ரம்பம் இன்று காலை கூரியரில் திரும்பி வந்திருக்கிறது, பல் தீட்டித் தரச் சொல்லி. வாங்கியவர் பெங்களூரில் நகைப்பெட்டி செய்கிறவர். 'இன்றுவரை கோடு தப்பியதில்லை' என்று ஒரு சீட்டும் வைத்திருக்கிறார். படித்துவிட்டுப் பட்டறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. எழுந்து விளக்கைப் போடவும் அலுப்பாக இருந்தது.

பல் அராவுவது நீ, படாக் என்ற சிவப்பு மரத்தில் கைப்பிடி செதுக்குவது நான். இந்தத் தீவில், வீட்டுக்குப் பின்னால் அந்தச் சின்ன அறையில் நம் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

அந்த வருடம் உன்னைத் தலைவலி விடவே இல்லை. டீ கிளாஸை உன் இடப்பக்கம் வைத்தால் தட்டிவிடுவாய். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அம்மா நச்சரித்தாள்.

"நான் அராவுன ரம்பம் ஒண்ணு கோணலாப் போகட்டும்மா. அன்னிக்கே கப்பல் டிக்கெட் போட்டு மெயின்லேண்டுக்குப் போறேன். போதுமா?" என்றாய்.

கோணல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, அண்ணே. நீ கடைக்குப் போயிருந்தபோது, படகு செய்யும் பெங்காலி மிஸ்திரி புது ரம்பம் ஒன்றை எடுத்து அறுத்துப் பார்த்தார். வெட்டு கோட்டை விட்டு இடப்பக்கம் ஓடியது. "க்யா பஹன், ஆரி தாரூ பீ கே ஆயி?" என்று சிரித்தார், ரம்பம் குடித்துவிட்டு வந்ததா என்று. "லக்டி டேடி ஹை, தாதா" என்று பழியை மரத்தின் மேல் போட்டேன்.

பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்த்துவிடுவோம். ஒரு பக்கச் சாய்வு கூடினால் வெட்டும் அந்தப் பக்கமே இழுக்கும். அந்தப் பக்கம் எண்ணெய்க்கல்லை ஒருமுறை மெல்ல இழுத்தால் சரியாகிவிடும். அன்றிலிருந்து நீ சோதித்துப் பார்க்குமுன் ஒவ்வொரு ரம்பத்திலும் நான் கல்லை இழுத்து வைத்தேன்.

பெங்களூர் ரம்பத்தையும் அப்படித்தான் வைத்திருந்தேன். அதை அறுத்துச் சோதித்த அன்று, பென்சில் கோட்டைக் கண்டுபிடிக்கவே நீ முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. ரம்பம் கோட்டோடு இறங்கியது. சிவப்புத் தூளை ஊதினாய்.

"பாத்தியா புள்ள? பாம்பு பொந்துக்குள்ள இறங்குற மாதிரி! அம்மாகிட்டப் போய்ச் சொல்லு, டாக்டருக்கு இங்க வேல இல்லன்னு."

"சரிண்ணே" என்றேன்.

நீ தோற்பதைப் பார்க்கத் தெம்பில்லை என்று பிறகு எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. ஆர்டர் அனுப்ப வேண்டியிருந்தது, நானும் களைத்திருந்தேன். உன்னோடு வாதாடுவதைவிடக் கல்லை இழுப்பது சுலபம்.

இப்போது பல்லையும் நானே அராவுகிறேன். வெட்டு கோணினால், யாரும் இல்லாத அறையில், கோணல் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் கல்லைத் தொடுகிறேன்.

அந்த வெட்டுக்கு ஏழு மாதம் கழித்து நீ பட்டறையில் விழுந்தாய். சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் கட்டி. முன்பே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் நீ இறந்தாய். அங்கேயே தகனம் செய்துவிட்டு அம்மாவும் நானும் ஊர் திரும்பினோம்.