இரண்டாம் வாசிப்பு

ஜனவரி 14

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பாய்.

நிலத்தடி நீர் ஆய்வுக் கழகத்தின் ஆட்சிக்குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். இளைஞர் ஒருவர் வேண்டுமாம். முதல் கூட்டம் நேற்று. நீள மேசை, பதினொரு பேர், சத்தம் மட்டும் போடுகிற ஏசி. சுவரில் ஐந்தாண்டு இலக்குகளுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது இலக்கு, யார் எங்கே கிணறு அளந்தாலும் அந்த அளவுகளை எல்லோருக்கும் கிடைக்கும்படி ஓரிடத்தில் சேர்ப்பது. அதை என் தலையில் கட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் திட்டம் போட்டு மூன்று வருஷமாகிறது. இதுவரை சேர்ந்தது அந்தச் சட்டத்தின்மேல் தூசி.

காரணம் ஒரு வழக்கம். எந்தத் தீர்மானத்தையும் ஒரு கூட்டத்தில் வாசிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி வாசித்துத்தான் ஓட்டு. நடுவே இரண்டு மாதம். ஒரு கணினி வேண்டும் என்று கேட்டேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நல்ல யோசனை தம்பி. வாசிச்சாச்சு. ஆறட்டும்" என்றார். ஆறுவதற்கு அது என்ன காபியா? அவருக்கு 'ஆறட்டும்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

இரண்டாம் வாசிப்பை ஒழிக்கச் சொல்லி ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். இப்போது அதுவும் ஆறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊரில் நீ நடத்தும் கழகக் கிளை எப்படி? அத்தானுக்கு முதுகு தேவலையா?

உன் தம்பி,
வெந்நீர்

---

ஜனவரி 30

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்த என் தம்பிக்கு,

பெரிய மனிதனாகிவிட்டாய். இனி உன்னை 'டேய்' என்று கூப்பிட ஆட்சிக்குழுவில் தீர்மானம் போட வேண்டுமோ என்னவோ. அத்தானைக் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதையே பிடித்துக்கொண்டு, செருப்பை எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறார்.

எடுத்துத் தொலை அந்த இரண்டாம் வாசிப்பை. எங்களுக்குப் புது அளவு நாடா கேட்டு எழுதி எட்டு மாதமாயிற்று.

கிளையில் அதே ஒன்பது பேர்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, ஊருக்குள் இருபத்திரண்டு கிணறு. கழக முத்திரை போட்ட அட்டையை நீட்டினால்தான் கேட்டைத் திறக்கிறார்கள். பத்து வருஷத்தில் ஒரு மாதம் விட்டதில்லை. இந்த மாதம் லாண்டரிக்காரர் வீட்டு நாய் எங்கள் எலக்ட்ரீஷியனின் பேண்ட்டைக் கவ்விவிட்டது. மனுஷன் நாடாவை விடவில்லையே. "மட்டம் பாத்துட்டுக் கத்துறேன், இருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆண்டறிக்கை கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். போன வருஷமும் நான் அனுப்பவில்லை. அளப்பதா, அளந்தேன் அளந்தேன் என்று எழுதிக்கொண்டிருப்பதா? அங்கே யார் அதைப் படிக்கிறார்கள்? குப்பைக்கூடைதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

மார்ச் 15

அக்கா,

ஜெயித்துவிட்டேன்! எட்டுக்கு மூன்று. இரண்டாம் வாசிப்பு நேற்றோடு போயிற்று. அதே கூட்டத்தில், அதே மேசையில், மடமடவென்று ஏழு தீர்மானம். கணினி வாங்கப்போகிறார்கள். ஓர் உதவியாளர் வருகிறார். தூங்குகிற கிளைகளை மூடி, அந்தச் செலவை என் இலக்குக்குத் திருப்பியாயிற்று. பத்துப் பேருக்குக் குறைந்து, இரண்டு வருஷம் அறிக்கையும் தராமல், பெயர்ப்பலகையை மட்டும் வைத்திருக்கும் கிளைகள். நானே வழிமொழிந்தேன்.

ஆறட்டும் மட்டும், "எந்தெந்தக் கிளைன்னு ஒரு தடவை பாத்துட்டு…" என்று இழுத்தார்.

"விதி சரியா இருந்தா பேரு எதுக்கு சார்?" என்றேன். மேசையே சிரித்தது.

உன் வாக்கு பலித்தது. நாடாவையும் இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

வெந்நீர்

---

ஏப்ரல் 7

ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் குழுவின் உத்தரவு கிடைத்தது. கிளை மூடப்பட்டது. ஒன்பது அட்டைகளையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டோம்.

நேற்று முதல் ஞாயிறு. அட்டை இல்லாமலே போனோம். லாண்டரிக்காரர் கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, "போன வாரந்தான் இந்தத் தெருவுல திருட்டுப் போச்சு. முத்திரை இல்லாம எப்படிம்மா உள்ள விடுறது?" என்றார். அவர்மேல் தப்பில்லை. பதினான்கு கிணறுகளுக்குக் கேட் திறக்கவில்லை. கடைசித் தெருமுனையில் எலக்ட்ரீஷியன், "நாய் கடிச்சப்பகூட அளந்துட்டோமேக்கா" என்றார்.

அறிக்கை அனுப்பாதது என் திமிர். உன் தீர்மானத்துக்குத் தலையாட்டியதும் நானே. அதனால் உன்னை வாய் நிறையத் திட்டக்கூட வழியில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒன்பது பேர் என்று எழுதியிருந்தேனே. அறிக்கை அனுப்பவில்லை என்றும் எழுதியிருந்தேனே. படித்தாயா இல்லையா?

இப்படிக்கு,
முன்னாள் கிளைச் செயலர்

---

ஏப்ரல் 13

அக்கா,

உன் ஜனவரிக் கடிதத்தை இன்றுதான் இரண்டாம் முறை படித்தேன். முதல் முறை 'எடுத்துத் தொலை' வரை வந்ததும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான்.

கிணற்று அளவுகளைச் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பத்து வருஷம் விடாமல் வந்த ஓர் அளவை நிறுத்தியிருக்கிறேன். மற்றக் கிளைகள் அனுப்பியவற்றைப் பார்த்தேன். மூன்று வருஷம் தொடர்ந்து அளந்தது ஒன்றுகூட இல்லை.

செயலாளரிடம் ஓடினேன். அவர் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "மே கூட்டத்துல கொண்டு வாங்க தம்பி. அதுக்கு முன்னாடி அட்டையில முத்திரை போட எனக்கு அதிகாரம் இல்ல" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரத் தோன்றவில்லை.

தம்பி

---

மே 18

அக்கா,

இதைப் படித்துவிட்டு நீ என்னை அடிக்க வரலாம்.

நேற்றுக் கூட்டம். இரண்டு தீர்மானம் கொண்டுபோனேன். ஒன்று, உன் கிளையைத் திறப்பது. இன்னொன்று, இரண்டாம் வாசிப்பைத் திரும்பக் கொண்டுவருவது. ஒவ்வொருவரையும் முன்னாலேயே பார்த்துப் பேசி வைத்திருந்தேன். ஏழு ஓட்டு கையில் இருந்தது. தலைவரும், "உங்க விதிப்படி இப்பவே ஓட்டுக்கு விடலாமே. கிளையை முதல்ல எடுத்துக்குவோமா?" என்றார். கை தூக்கினால் முடிந்தது. ஜூன் ஞாயிறுக்குள் உங்கள் கையில் அட்டை.

"அந்தக் கிளையோட செயலர் என் அக்கா" என்றேன்.

பிறகு, "ரெண்டு தீர்மானமும் ஜூலையில வரட்டும். அந்தக் கிளைக்காரங்க யாராவது இந்த மேசையில உக்காந்து பேசட்டும். மூடும்போது யாரையும் கேக்கல" என்றேன். என் அக்காவுக்காக இன்று ஒரே மூச்சில் திறந்தால், நாளைக்கு இன்னொருவர் அவர் மச்சானுக்காக ஒரே மூச்சில் எதையாவது மூடுவார்.

ஆறட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் நியாயம் பேசினேன். விலை உன் கிணறுகள். இன்னும் இரண்டு ஞாயிறு உங்களுக்கு அட்டை இல்லை. செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. திட்டியாவது எழுது.

தம்பி

---

ஜூன் 9

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன்னை அடிக்கத் தோன்றியது. இரண்டாம் முறையும் அடிக்கத்தான் தோன்றியது, ஆனால் நீ செய்தது சரி. எலக்ட்ரீஷியனிடமும் படிக்கக் கொடுத்தேன். "உங்க தம்பிக்கு இவ்வளவு பொறுமை இருக்கும்னு சொல்லவே இல்லையேக்கா" என்கிறார். எனக்கே தெரியாதப்பா என்றேன்.

மே மாதம் சில கேட்டுகள் திறந்தன. இந்த மாதம் லாண்டரிக்காரரே நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, "பத்து வருஷமா பாக்குற மூஞ்சிதானே, வாங்க" என்றார். மூன்று கிணறுகள் மட்டும் இன்னும் பூட்டியே இருக்கின்றன. அங்கெல்லாம் அட்டை வந்தால்தான்.

இதோடு இரண்டு வருஷ ஆண்டறிக்கையும் இந்த ஜூன் வரைக்குமான அளவுகளும் இருக்கின்றன. ஒன்பது பேரும் உட்கார்ந்து எழுதினோம். எழுதத் தொடங்கிய பிறகுதான், பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டம் வருஷா வருஷம் இறங்குவது எங்களுக்கே உறைத்தது. அளந்துகொண்டே இருந்தோம், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இதை வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன்.

அளவுகளில் ஏப்ரல் முதல் வெற்றிடங்கள் இருக்கும். முன்னும் பின்னும் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிற வித்தை உனக்குத் தெரியும். நிரப்பாதே. அளக்காதது அளக்காததாகவே இருக்கட்டும்.

ஜூலைக் கூட்டத்துக்கு நானும் எலக்ட்ரீஷியனும் வருகிறோம். எங்கள் பேச்சு வரும்போது நீ வாயைத் திறக்காதே. கேட்பதை அவர்கள் எங்களிடமே கேட்கட்டும். என்ன முடிவானாலும் ராத்திரி உன் அறையில்தான் சாப்பாடு, தரையைப் பெருக்கி வை.

ஸ்டேஷனுக்கு வா. ஆனால் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து பிளாட்பாரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்காதே. நீ நிற்கிறாய் என்று ரயில் சீக்கிரம் வராது.

அக்கா